ஜெல்லைத் தின்ற பாக்டீரியா: வாசகர் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "பிறப்புறுப்பில் இயல்பாக இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியா குறைந்துபோனால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு கூடும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் பயந்துபோயிருக்கிறார்கள், சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள், ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அதனால் இந்த முறை முழுக்க இது மட்டும்தான். கால்சியம் மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர், நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டு வருடமாக வெள்ளைப்படுதல் இருக்கிறது, சில சமயம் மீன் வாடை அடிக்கும். எனக்கு எச்ஐவி வந்துவிடுமா?
– பெயர் வேண்டாம், தேனி

வராதும்மா. வெள்ளைப்படுதலிலிருந்து எச்ஐவி முளைப்பதில்லை. வைரஸ் உள்ள ஒருவரிடமிருந்துதான் அது வர முடியும். வந்து நிற்கும் வைரஸுக்குக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் இந்தப் பாக்டீரியாக்களுக்குப் பங்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நல்ல பாக்டீரியா குறைந்துபோன, பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற நிலை உள்ள பெண்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட சுமார் 1.6 மடங்கு என்று வந்தது. மடங்கு என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் எதை மடங்கு பண்ணுகிறோம் என்று பாருங்கள். உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் எச்ஐவி இல்லை, வேறு உறவும் இல்லை என்றால், பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான்.

எனக்கு வருத்தம் வேறு விஷயத்தில். இரண்டு வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள்? 'உடம்புச் சூடு' என்று யாராவது சொல்லி வெந்தயத் தண்ணீர் குடித்திருப்பீர்கள். மீன் வாடையோடு தண்ணியாக, சாம்பல் கலந்த வெள்ளையாகப் போனால் பெரும்பாலும் அது பாக்டீரியல் வஜைனோசிஸ். அரிப்போடு திரிந்த தயிர் மாதிரி கெட்டியாக வந்தால் பூஞ்சைத் தொற்று. இரண்டுக்கும் மருந்து வேறு. அரசு மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் என்று ஒரு அறை இருக்கும், அங்கே போய்க் காட்டுங்கள். மனதில் சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தால் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். காசு கிடையாது, முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். எச்ஐவி உதவி எண் 1097-க்கு போன் செய்தும் பேசலாம்.

நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எச்ஐவி ஒரு வைரஸ், நீங்கள் சொல்வது பாக்டீரியா. இவை இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பாடத்தில் இது இல்லை.
– எஸ்., மதுரை

பாடத்தில் இல்லாததைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ்.

பாதி உங்களுக்கே தெரியும். ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் டாக்டர் 1892-லேயே, பெண்ணுறுப்பில் அமிலம் சுரக்கும் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது என்று எழுதிவிட்டார். இன்று அந்தக் குடும்பத்தை லாக்டோபாசில்லஸ் என்கிறோம். உறுப்பின் சுவரில் உள்ள செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் இருக்கிறது இல்லையா, அது உடைந்து வரும் சர்க்கரையைத் தின்று இவை லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. அதனால் அந்த இடத்தின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறைய புளிப்பு அதிகம்) 3.5-லிருந்து 4.5-க்குள் இருக்கும். மோர் புளித்திருந்தால் அதில் வேறு எதுவும் எளிதில் வளராது, அதே சங்கதிதான். லாக்டோபாசில்லஸ் குறைந்து, பிஎச் 4.5-க்கு மேலே ஏறி, கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா என்று ஆக்சிஜன் அதிகம் வேண்டாத ஒரு பெரிய கூட்டம் வந்து உட்கார்ந்தால் அதுதான் பாக்டீரியல் வஜைனோசிஸ். இதை ஒரு 'தொற்று' என்று சொல்வதைவிட, குடியிருப்பவர்கள் மாறிவிட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. 2011-இல் அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாத 396 பெண்களைப் பரிசோதித்தபோது, சுமார் 27 சதவீதம் பேரிடம் லாக்டோபாசில்லஸ் ஆதிக்கத்தில் இல்லை.

இப்போது எச்ஐவிக்கு வருவோம். லாக்டிக் அமிலம் போதுமான அளவு இருந்தால் அது நேராக வைரஸையே செயலிழக்க வைக்கும், இதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் பெண்ணுறுப்புக்குள் இருக்கும் சளி. லாக்டோபாசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் என்ற இனம் நிறைந்திருக்கும் பெண்களின் சளியில் எச்ஐவி துகள்கள் பசையில் ஒட்டிய ஈ மாதிரி மாட்டிக்கொள்கின்றன, மற்ற பெண்களின் சளியில் அவை சுலபமாக நகர்ந்து போகின்றன. இதெல்லாம் சரி. ஆனால் பெரிய விஷயம் அழற்சி.

பிரிவோடெல்லா போன்றவை நிறையச் சேர்ந்தால் உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நோய் எதிர்ப்புச் செல்களை அனுப்புகிறது. அப்படிக் கூடுபவற்றில் முக்கியமானவை, விழித்துக்கொண்ட நிலையில் இருக்கும் சிடி4 டி செல்கள். வேறு எந்தக் கிருமியாக இருந்தாலும் இவை ஓடி வந்து நிற்பது நமக்கு நல்லது. எச்ஐவிக்கோ தேவைப்படுவதே இந்த சிடி4 செல்கள்தான், அதற்குள் நுழைந்துதான் அது பெருகும். தேடி அலைய வேண்டியதை வாசலிலேயே வரிசையாக நிறுத்திவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. கூடவே அழற்சியால் உறுப்பின் மேல்தோல் அடுக்கும் பலவீனமாகிவிடும்.

இதை மனிதர்களிடத்தில் நேராகப் பார்த்த இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். (1860-இல் கரும்புத் தோட்ட வேலைக்காக மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் போய்ச் சேர்ந்த அதே டர்பன்தான், இன்றும் அங்கே தமிழ்ப் பெயர்களோடு நிறையப் பேர் இருக்கிறார்கள்.) அந்த ஊரின் பக்கத்தில் உம்லாசி என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு. அங்கே 18 முதல் 23 வயதுள்ள பெண்களைச் சேர்த்து, வாரம் இரண்டு முறை வரவழைத்து, வேலைக்குத் தயாராக வகுப்பு எடுத்துக்கொண்டே, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எச்ஐவி வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஃப்ரெஷ் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். வெறும் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டால் எந்தப் பெண் வாரம் இரண்டு முறை வருவாள்? வகுப்பும் சேர்த்து வைத்ததுதான் அந்த ஆய்வின் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றும். 236 பெண்களின் விவரம் 2017-இல் வெளியானது. லாக்டோபாசில்லஸ் குறைந்து பலவகை பாக்டீரியா மண்டியிருந்தவர்களுக்கு, கிறிஸ்பேட்டஸ் நிறைந்திருந்தவர்களைவிட எச்ஐவி தொற்றியது 4 மடங்குக்கும் மேல். கிறிஸ்பேட்டஸ் நிறைந்திருந்தவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் அங்கே மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே குழுவினர் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் பிரிவோடெல்லாவை வைத்துப் பார்த்தபோது, அவற்றின் உறுப்பிலும் அந்த விழித்த சிடி4 செல்கள் கூடின. அதனால் இது தற்செயலாக ஒன்றாக நடந்த இரண்டு விஷயம் என்று ஒதுக்க முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், தேர்வில் கேட்காவிட்டாலும் வார்டில் உதவும்: லாக்டோபாசில்லஸ் எல்லாமே ஒரே ரகம் இல்லை. ஐனர்ஸ் என்று ஒரு இனம் இருக்கிறது, பெயரளவில் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் எந்த நேரமும் எதிர்ப்பக்கம் சாயக்கூடியது. வஜைனோசிஸுக்கு மெட்ரோனிடசோல் என்ற மருந்தைக் கொடுத்த பிறகு பலருக்குத் திரும்ப வளர்வது கிறிஸ்பேட்டஸ் இல்லை, இந்த ஐனர்ஸ்தான்.

2010 வாக்கில், பெண்கள் தாங்களே தடவிக்கொள்ளும் ஒரு ஜெல் எச்ஐவியைத் தடுக்கும் என்று படித்து மகிழ்ந்தேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. என்ன ஆயிற்று?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

டீச்சர், உங்கள் ஞாபக சக்திக்கு வணக்கம். அந்த ஜெல்லின் கதை இந்த விஷயத்தோடுதான் வந்து முட்டுகிறது, எனக்கு மிகவும் பிடித்த கதையும்கூட.

அதுவும் டர்பன்தான். குவாரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் என்ற விஞ்ஞானித் தம்பதி நடத்திய கேப்ரிசா 004 ஆய்வு. டர்பன் நகரிலும் வுலிந்த்லேலா என்ற கிராமப்புறப் பகுதியிலும் 889 பெண்கள். டெனோபோவிர் என்ற எச்ஐவி மருந்து 1 சதவீதம் கலந்த ஜெல்லை, உறவுக்கு முன் 12 மணி நேரத்துக்குள் ஒரு முறை, பின் 12 மணி நேரத்துக்குள் ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஆணுறை போடச் சொல்லிக் கணவனிடம் கெஞ்ச வேண்டியதில்லை, அவனுக்குத் தெரியவே வேண்டாம். அதுதான் அதன் அருமை. 2010 ஜூலையில் வியன்னா மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள்: தொற்று 39 சதவீதம் குறைந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அப்புறம் சறுக்கல். வாய்ஸ் என்ற பெரிய ஆய்வில், தினமும் வைக்கச் சொன்ன அதே ஜெல் வேலை செய்யவில்லை. ஃபேக்ட்ஸ் என்ற ஆய்வின் முடிவும் 2015-இல் அப்படியே. காரணம் என்ன என்று பார்த்தால், பெண்கள் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்றார்கள். அது பொய்யில்லை. வாய்ஸ் ஆய்வில் ரத்தத்தைப் பரிசோதித்தபோது பெரும்பாலானவர்களிடம் மருந்தே தென்படவில்லை. ஆனால் 'அவள் சரியாகச் செய்யவில்லை' என்பதோடு எல்லோரும் ஃபைலை மூடப் பார்த்தார்கள் பாருங்கள், அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஓபியில் நாங்களும் அதைத்தானே தினமும் சொல்கிறோம்.

2017-இல் கேப்ரிசா ஆய்வில் சேமித்து வைத்திருந்த மாதிரிகளை, 688 பெண்களுடையதை, திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். லாக்டோபாசில்லஸ் ஆதிக்கம் உள்ள பெண்களுக்கு அந்த ஜெல் 61 சதவீதம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. இல்லாதவர்களுக்கு வெறும் 18 சதவீதம், புள்ளியியல் கணக்குப்படி அது ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஏன் என்று தேடினால், கார்ட்னரெல்லா அந்த மருந்தையே தின்றுவிடுகிறது! சோதனைக்குழாயில் இரண்டையும் ஒன்றாக வைத்தபோது 4 மணி நேரத்தில் மருந்தில் ஏறக்குறைய பாதி காணாமல் போனது. நம்முடைய செல்லுக்குள் மருந்து போய்ச் சேருவதற்குள் இது முந்திக்கொள்கிறது. ஆக, சொன்னபடி ஒழுங்காக ஜெல்லை வைத்துக்கொண்டு, அப்படியும் எச்ஐவி வந்த பெண்கள் அங்கே இருந்திருக்கலாம். தப்பு அவர்களுடையது இல்லை.

அந்த ஜெல் சந்தைக்கு வரவில்லை. அதே மருந்தை மாத்திரையாக வாய்வழி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ரத்தம் வழியாகப் போவதால், வஜைனோசிஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எச்ஐவி தடுப்பு மாத்திரை ஒரே மாதிரி வேலை செய்கிறது என்று ஆப்பிரிக்கத் தம்பதிகளிடம் செய்த ஆய்வு காட்டியது. இப்போது அதையும் தாண்டி லெனகாபவிர் என்ற ஊசி வந்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒன்று. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அந்த ஊசி போட்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் எச்ஐவி வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். அன்று எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா?

தினமும் வாசனை லிக்விட் போட்டு உள்ளே வரை கழுவுகிறேன். சுத்தமாக இருந்தால் எச்ஐவி உட்பட எதுவும் அண்டாதுதானே?
– ஆர்., திருப்பூர்

ஐயோ, நிறுத்துங்கள். இன்றைக்கே.

உள்ளே கழுவினால் முதலில் அடித்துக்கொண்டு போவது உங்களுக்குக் காவல் நிற்கும் லாக்டோபாசில்லஸைத்தான். வாடை வருகிறது என்று கழுவுவது, கழுவியதால் வஜைனோசிஸ் வருவது, அதனால் இன்னும் வாடை, இன்னும் லிக்விட். கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். கென்யாவின் மொம்பாசாவில் பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே கழுவாதவர்களோடு ஒப்பிட்டால், வெறும் தண்ணீரால் கழுவியவர்களுக்கே எச்ஐவி தொற்றியது இரண்டரை மடங்குக்கு மேல், சோப்போ வேறு எதுவோ போட்டுக் கழுவியவர்களுக்கு நாலு மடங்குக்குக் கிட்டத்தட்ட. வெளிப்பக்கத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். டெட்டால், வேப்பிலைத் தண்ணீர், எலுமிச்சை எதுவும் உள்ளே போகக்கூடாது. எலுமிச்சையும் அமிலம்தானே என்று கேட்காதீர்கள், போன வருடம் ஒருவர் கேட்டார், புண்ணாகி வந்தார்.

லாக்டோபாசில்லஸ் என்றால் தயிரில் இருப்பதுதானே? தயிர் நிறையச் சாப்பிட்டால் அல்லது அங்கே தடவினால் சரியாகிவிடுமா? யூடியூபில் சொல்கிறார்கள்.
– கே. பி., சேலம்

தயிரைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுங்கள், ஊறுகாயோடு. அங்கே தடவ வேண்டாம். நம் தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா வேறு, உங்கள் உடம்பில் குடியிருக்க வேண்டிய கிறிஸ்பேட்டஸ் வேறு. ஒரே குலப்பெயர் இருந்தால் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்களா? தயிரில் உள்ளவை அங்கே போய்த் தங்காது.

ஆனால் உங்கள் யோசனை தப்பு இல்லை, விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்கிறார்கள், சரியான இனத்தை வைத்து. பெண்ணின் உடம்பிலிருந்தே எடுத்த ஒரு கிறிஸ்பேட்டஸைப் பொடியாக்கி, மெட்ரோனிடசோல் ஜெல் முடிந்த கையோடு 11 வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 228 பெண்கள், முடிவு வெளியானது 2020-இல். 12-ஆவது வாரத்துக்குள் வஜைனோசிஸ் திரும்ப வந்தது 30 சதவீதம் பேருக்கு. வெற்றுப் பொடி வைத்தவர்களில் 45 சதவீதம். பரவாயில்லை ரகம். ஆனால் அந்தப் பொடியால் எச்ஐவி குறையும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. மருந்துக்கடையில் 'ப்ரோபயாடிக்' என்று விலையைக் கூட்டி விற்கும் மாத்திரைகளை நம்பி ஆணுறையை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு எச்ஐவி இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறேன். கணவருக்கு இல்லை. எனக்கு வெள்ளைப்படுதல் இருந்தால் அவருக்கு ஆபத்தா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

மாத்திரை இல்லாத நிலையில் ஆபத்து கூடும். ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் உங்களைப் போன்ற தம்பதிகளைப் பார்த்தபோது, மனைவிக்கு வஜைனோசிஸ் இருந்தால் கணவருக்குத் தொற்றுவது 3 மடங்குக்கும் மேல் இருந்தது. ஆனால் நீங்கள் மாத்திரையை விடாமல் எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே இருந்தால் உறவின் மூலம் அவருக்குத் தொற்றாது. ஏஆர்டி மையத்தில் வைரல் லோடு கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். வெள்ளைப்படுதலையும் அங்கேயே சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

என் மனைவிக்கு மாத்திரை சாப்பிட்டால் சரியாகிறது, இரண்டே மாதத்தில் திரும்ப வருகிறது. இப்போது போன டாக்டர் எனக்கும் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். பிரச்னை அவளுக்கு, நான் ஏன் சாப்பிட வேண்டும்? என்னை என்ன நினைத்துவிட்டார் அவர்?
– வி. எம்., ஈரோடு

சண்டைக்கு வந்தவர் இவர்தான். சார், கொஞ்சம் உட்காருங்கள். அந்த டாக்டர் உங்களைத் தப்பாக எதுவும் நினைக்கவில்லை, புதிதாக வந்ததைப் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதே பாக்டீரியாக்கள் ஆணுறுப்பின் முன்தோலுக்கு அடியிலும், சிறுநீர்ப் பாதையிலும் தங்கும். உங்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. மனைவி மாத்திரை சாப்பிட்டுச் சரியானதும் அடுத்த உறவில் நீங்களே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறீர்கள், அவர் மறுபடியும் மாத்திரை சாப்பிடுகிறார். மெல்போர்னில் 164 ஜோடிகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2025 மார்ச்சில் வெளிவந்தது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 35 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இத்தனை காலமும் பெண்ணுக்கு மட்டும் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம், நானும்தான்.

அங்கே ஆண்களுக்குக் கொடுத்தது மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று, கூடவே கிளிண்டமைசின் க்ரீமை உறுப்பில் தினமும் இரண்டு வேளை தடவ வேண்டும், 7 நாள். உங்கள் சீட்டிலும் அநேகமாக இதுவே இருக்கும், அளவை மட்டும் உங்கள் டாக்டர் எழுதியபடி எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாயில் ஒரு உலோகக் கசப்பைக் கொடுக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், டாஸ்மாக் பக்கம் போகாதீர்கள். மனைவியும் அதே நாட்களில் மருந்து எடுக்க வேண்டும், நீங்கள் இந்த வாரம் அவர் அடுத்த வாரம் என்றால் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, மனைவிக்கும் மாத்திரைக்குப் பதில் அந்த க்ரீமையே உள்ளே வைக்க எழுதியிருந்தால் கவனம். அதில் உள்ள எண்ணெய்ப் பசை ரப்பர் ஆணுறையை வலுவிழக்க வைக்கும். அதனால் ஆணுறை இருக்கிறதே என்று நினைக்காமல், அந்த 7 நாளும் இருவரும் சும்மா இருந்துவிடுங்கள்.